ஷேக் இல்டெரிமின் ஊரைத் தேடி: வேல்ஸ் பயணக் குறிப்புகள்

திங்கள், லண்டன்

கோவர் தெருவில் இருக்கும் ராடா நாடகப் பள்ளியின் வாசலில் இருந்து இந்தப் பயணத்தைத் தொடங்குகிறேன். ஹியூ கிரிஃபித் என்று பெயர் சொன்னால் பலருக்கும் சட்டென்று பிடிபடாது. 'பென்-ஹர்' படத்தில் வெள்ளைக் குதிரைகளைப் பெற்ற பிள்ளைகளைப் போலக் கொஞ்சுவாரே, அந்த அரபு ஷேக் இல்டெரிம் என்றால் உடனே முகம் மலரும். அந்த வேடத்துக்காக 1959-ஆம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் அவருக்குத்தான் கிடைத்தது. அரபு நாட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேல்ஸின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஆங்கிள்சி தீவில், மரியான்கிளாஸ் என்ற சிற்றூரில், 1912 மே 30 அன்று பிறந்தவர். வெல்ஷ் மொழி பேசும் குடும்பம்.

பல்கலைக்கழகம் போவதாகத்தான் இருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறவில்லை. அதோடு அந்த வழி அடைபட்டது. அப்புறம் வங்கியில் குமாஸ்தா வேலை. நாடகத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றே லண்டனுக்கு மாற்றல் வாங்கி வந்து, உதவித்தொகையோடு இந்தப் பள்ளியில் சேர்ந்தார். ஆங்கிலத் தேர்வில் நின்றுபோன பையன்தான் பின்னாளில் ஆங்கில நாடக மேடையில் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனாக நின்றான். இதை நினைத்தபடி அந்த வாசலுக்கு எதிரே வெகுநேரம் நின்றிருந்தேன். தேர்வில் ஒருமுறை தவறியதால் ஒதுக்கப்பட்ட எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

படித்து முடித்து ஒரு படத்தில் தலைகாட்டுவதற்குள் போர் வந்துவிட்டது. ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவிலும் பர்மா போர்முனையிலும் இருந்தார். நடிகனுக்கு வளரும் வயது என்று சொல்லக்கூடிய ஆண்டுகள் அப்படியே போயின. 1946-ல் திரும்பி வந்து மேடை ஏறியபோது வயது 34.

மாலையில் ஈலிங் போனேன். பசும்புல் திடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளை வீடு, அதன் பின்னால் ஸ்டுடியோ தளங்கள். இன்றும் அங்கே படப்பிடிப்பு நடக்கிறது. 1949 என்ற ஒரே ஆண்டில் கிரிஃபித்தின் முகம் மூன்று முக்கியமான படங்களில் வந்தது. அதில் இரண்டு ஈலிங் தயாரிப்பு. 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் பிரபுக்கள் சபையில் நடக்கும் கொலை வழக்குக்குத் தலைமை தாங்குபவர். 'எ ரன் ஃபார் யுவர் மணி' படத்தில், லண்டனுக்கு வந்து நொடித்துப்போய் யாழை அடகு வைத்துவிட்ட, ஹியூ என்றே பெயருள்ள குடிகார இசைக்கலைஞர் வேடம். ரக்பி ஆட்டம் பார்க்க வந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி ஒருவன் அவரைச் சந்திக்கிறான். இரண்டு பேரும் குடித்துவிட்டு, ஆளைவிட உயரமான அந்த யாழை மீட்டு, ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அந்தப் படத்தில் அலெக் கின்னஸும் இருக்கிறார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது யாழ்க்காரர்தான். ஊரைவிட்டு வந்து தோற்றுப்போனவனின் வெட்கம் அந்தக் கண்களில் சிரிப்போடு சேர்ந்தே தெரியும்.

செவ்வாய், பாத் நகரத்துக்குப் பக்கத்தில்

ஃப்ரெஷ்ஃபோர்டில் ரயிலைவிட்டு இறங்கி, கால்வாய்க் கரையோரம் நடந்தேன். ஏவன் ஆற்றுக்கு மேலே கால்வாயையே பாலமாகக் கட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள். கீழே ஆறு ஓடுகிறது, மேலே படகு போகிறது. அதைத் தாண்டினால் மங்க்டன் கூம் கிராமம்.

1953-ல் வந்த 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' படம் எடுக்கப்பட்ட இடம் இது. ஈலிங் எடுத்த முதல் வண்ண நகைச்சுவைப் படம். கிளை ரயில் பாதையை அரசு மூடப்போகிறது. ஊர்க்காரர்களே அதை எடுத்து நடத்துகிறார்கள். கதை அவ்வளவுதான். இங்கிருந்த கேமர்ட்டன் கிளைப் பாதை 1951-ல் நிஜமாகவே மூடப்பட்டிருந்தது. சும்மா கிடந்த தண்டவாளத்தைப் படக்குழு பயன்படுத்திக்கொண்டது. நிலையக் கட்டடம் 1958-ல் இடிக்கப்பட்டுவிட்டது. தேடிப்பார்த்தால் பாதை போன தடம் மட்டும் அங்கங்கே தெரிகிறது.

கிரிஃபித்துக்கு இதில் டான் டெய்லர் வேடம். பழைய ரயில் ஓட்டுநர். வேலை போனபின் திருட்டு வேட்டையாடிப் பிழைக்கிறார்; குடியிருப்பது சக்கரம் கழற்றிய பழைய ரயில் பெட்டியில். ஊர்க்காரர்களுக்கு இன்ஜின் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். யாரும் மதிக்காத டானைத் தேடி வருகிறார்கள். கதையின் பின்பகுதியில் இன்ஜினும் போய், பெட்டியும் போய் நிற்கும்போது, அருங்காட்சியகத்தில் இருந்து ஒரு பழம்பெரும் இன்ஜினை எடுத்து வருகிறார்கள். படத்துக்குப் பயன்பட்டது 'லயன்' என்ற அசல் இன்ஜின், 1838-ல் செய்தது. அதன் பின்னால் கோக்க எதுவும் இல்லாமல், டானுடைய வீட்டையே ஒரு வண்டியின் மேல் ஏற்றிக் கட்டுகிறார்கள். நகைச்சுவைக் காட்சிதான். ஆனாலும் தன் வீடு திரும்பவும் ரயில் பெட்டியாகப் போவதைப் பார்க்கும் அந்த மனிதனின் முகத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இந்தப் படம் வந்து பத்து வருடம் கழித்து, 1963-ல் ரயில்வே செலவைக் குறைக்கச் சொன்ன பீச்சிங் அறிக்கை வெளியாகி, பிரிட்டன் முழுக்கக் கிளைப் பாதைகள் ஆயிரக்கணக்கான மைல் கணக்கில் மூடப்பட்டன. இந்தப் பயணத்தில் போகும் இடமெல்லாம் அது என் கூடவே வரப்போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதன், ஸ்வான்சி

கார்டிஃபைத் தாண்டியதும் போர்ட் டால்பட், அடுத்து நீத். போர்ட் டால்பட் அந்தோனி ஹாப்கின்ஸின் ஊர். ரிச்சர்ட் பர்ட்டன் பிறந்த பான்ட்ரிடிஃபென் மலைப்பக்கம், கொஞ்ச தூரம்தான். நீத், 1945-ஆம் ஆண்டுப் படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கிய ரே மில்லண்டின் ஊர். பர்ட்டன் ஏழு முறை ஆஸ்கருக்கு முன்மொழியப்பட்டும் ஒருமுறையும் வெல்லவில்லை. கிரிஃபித் முதல் முன்மொழிவிலேயே வாங்கிவிட்டார்.

இவர்கள் இருவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பர்ட்டனின் முதல் படம் 1949-ல் எம்லின் வில்லியம்ஸ் எழுதி இயக்கிய 'தி லாஸ்ட் டேஸ் ஆஃப் டால்வின்'. அதில் கிரிஃபித் பாதிரியார். 1951-ல் நியூயார்க் பிராட்வேயில் இருவரும் ஒரே நாடகத்தில் நடித்தார்கள். ஸ்வான்சிக்காரரான கவிஞர் டிலன் தாமஸும் கிரிஃபித்துக்கு நல்ல நண்பர்.

1949-ல் இந்த ஊர் கிராண்ட் தியேட்டரில் கிரிஃபித் லியர் அரசனாக நடித்தார். அப்போது அவருக்கு 37 வயது; எண்பது தாண்டிய கிழவனின் வேடம். 1897-ல் கட்டிய அரங்கம் இன்றும் நாடகம் போடுகிறது. உள்ளே போய் மேடையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அன்று நடந்தது எதுவும் படச்சுருளில் இல்லை. மேடை நடிகர்களைப் பற்றி எழுதும்போது இந்தக் குறை தீராது.

ராத்திரி அறையில் உட்கார்ந்து 'பென்-ஹர்' மறுபடி பார்த்தேன். மூன்றரை மணி நேரப் படத்தில் ஷேக் இல்டெரிம் வருவது சில காட்சிகள்தான்.

கூடாரக் காட்சியைச் சொல்கிறேன். சாப்பாடு முடிந்து, பென்-ஹரிடம் எத்தனை மனைவி என்று விசாரிக்கிறார். ஒருத்திகூட இல்லை என்றதும் அதை நம்ப முடியாத பார்வை. அப்புறம் ஒரு திரையை விலக்குகிறார்கள். நான்கு வெள்ளைக் குதிரைகள் உள்ளே வருகின்றன. அன்டாரெஸ், ரிஜெல், ஆல்டேர், ஆல்டெபெரான் என்று எல்லாம் நட்சத்திரப் பெயர்கள். இந்த இடத்தில் கிரிஃபித்தின் குரல் மாறுகிறது. அதுவரை விருந்தாளியிடம் வியாபாரம் பேசும் குரல்; இப்போது குழந்தையைத் தூங்கவைக்கும் குரல். ஒவ்வொன்றின் குணத்தையும் சொல்லி அறிமுகம் செய்கிறார். கழுத்தில் கை போடுவது, மூக்கோடு மூக்கு வைப்பது எதிலும் பயமோ பாவனையோ இல்லை. குதிரையோடு பழகிய கை அது. தேர்ப் பந்தயம் நமக்கு ஏன் அவ்வளவு பதைப்பாக இருக்கிறது? ஓடப்போகும் குதிரைகளை இவர் நமக்கும் பிள்ளைகளாக ஆக்கிவிட்டார், அதனால்தான். பந்தயத்துக்கு முன்னால் ரோமானியர்கள் நடுவில் போய்ப் பணயம் கட்டும் காட்சியிலும் அப்படித்தான். சிரித்துக்கொண்டே பேசி, பென்-ஹரின் எதிரியான ரோமானியன் மெசாலாவின் தலைக்கனத்தைத் தூண்டி, ஒன்றுக்கு நான்கு என்று ஒப்புக்கொள்ள வைப்பார்.

அந்த முகத்தில் பூசியிருக்கும் பழுப்பு நிறச் சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளை நடிகருக்குச் சாயம் பூசி அரபு ஆக்குவது அன்றைய ஹாலிவுட் வழக்கம். அது தவறுதான். 1962-ல் எகிப்து நடிகர் ஒமர் ஷரீஃப் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வில் ஒட்டகத்தின் மேல் வந்தபோது, சாயம் இல்லாமல் இது எப்படி இருந்திருக்க வேண்டும் என்று உலகத்துக்கே தெரிந்தது. இல்டெரிம் வேடத்தை ரசிக்கிறேன். அதனாலேயே கிரிஃபித்தின் உச்சம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரைத் தெரிந்துகொள்ள வேறு படங்களுக்குப் போக வேண்டும்.

வியாழன், அபரிஸ்த்வித்

ஸ்வான்சியில் இருந்து அபரிஸ்த்வித்துக்கு நேர் ரயில் இல்லை. கார்மார்தன் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஒரு காலத்தில் கார்மார்தன் – அபரிஸ்த்வித் ரயில் பாதை இருந்தது. 1965-ல் பயணிகள் சேவை நின்றுவிட்டது. மலையும் வளைவும் நிறைந்த சாலையில் பஸ் நின்று நின்று போனது. டான் டெய்லர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வேல்ஸ் தேசிய நூலகம் ஊருக்கு மேலே குன்றின்மேல், கடலைப் பார்த்தபடி இருக்கிறது. வேல்ஸின் திரைப்பட, ஒலி ஆவணங்கள் இங்கேதான் சேமிக்கப்படுகின்றன. நான் பார்க்க வந்தது 'கிராண்ட் ஸ்லாம்'. பிபிசி வேல்ஸுக்காக ஜான் ஹெஃபின் இயக்கி, 1978 மார்ச்சில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படம். 1977-ல் பாரிசில் நடந்த பிரான்ஸ் – வேல்ஸ் ரக்பி ஆட்டத்துக்கு ஒரு கிராமத்துக் கோஷ்டி கிளம்பிப் போகும் கதை. நிஜத்தில் அந்த ஆட்டத்தில் வேல்ஸ் தோற்றது. ஆனால் படம் ஒளிபரப்பான அதே மார்ச் மாதத்தில் கார்டிஃபில் பிரான்சைத் தோற்கடித்து வேல்ஸ் அந்த வருட கிராண்ட் ஸ்லாமை, அதாவது போட்டித் தொடரின் எல்லா ஆட்டங்களையும், வென்றது. இங்கே அந்தப் படம் இன்றுவரை வாய்மொழியாக வாழ்வதற்கு அந்தச் சேர்க்கையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிரிஃபித்துக்குக் கேரடாக் லாயிட்-எவன்ஸ் என்ற வேடம். பிணத்தை அடக்கம் செய்யும் தொழில் நடத்தும் முதியவர். போர்க்காலத்தில் பாரிசில் ஒரு பெண்ணைக் காதலித்திருக்கிறார். ஆட்டம் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவரின் உண்மையான நோக்கம் அவளைத் தேடுவது. கூட வந்தவர்கள் எல்லாம் கூத்தும் குடியுமாக இருக்க, இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கம்பீரமாக பாரிஸ் தெருவில் நடப்பார். உடம்பு தளர்ந்திருந்தது நன்றாகவே தெரிகிறது. மூச்சு வாங்குகிறது. ஆனால் அந்தக் கண்கள்! புருவத்துக்குக் கீழே உருண்டு நிற்கும் அந்தப் பெரிய கண்களில், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பெயரைச் சொல்லும்போது வருகிற வெளிச்சம், எந்த ஒப்பனையும் கொடுக்காதது. சாயமும் கிடையாது, வேறு நாட்டு உச்சரிப்பும் கிடையாது. தன் ஊர்க்காரர்களுக்காக, தன் குரலில் பேசுகிறார். என் கணக்கில் அவர் செய்ததிலேயே சிறந்தது இதுதான். உலகம் இதைப் பார்க்கவே இல்லை.

இதற்கு அடுத்த இடம் 1963-ல் வந்த 'டாம் ஜோன்ஸ்'. நாட்டுப்புற ஜமீன்தார் ஸ்கொயர் வெஸ்டர்ன். வேட்டை நாய்களோடு படுத்துப் புரள்பவர், மகளைவிட வேட்டையை நேசிப்பவர். அவருக்குச் சகோதரியாக எடித் எவன்ஸ். 'டால்வின்' படத்தில் கூட நடித்த அதே அம்மையார். இருவரும் சண்டை போடும் இடங்களில் மற்ற எல்லோரும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதுபோல இருக்கும். அந்த வருட ஆஸ்கரில் சிறந்த படம் அதுதான். நடிப்புக்கு ஐந்து பேர் முன்மொழியப்பட்டு ஒருவருக்கும் கிடைக்கவில்லை, கிரிஃபித்துக்கும் சேர்த்து.

குடியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அது அவருடைய உடம்பையும் வேலையையும் அரித்தது. 1962-ல் வந்த 'ம்யூட்டினி ஆன் தி பவுண்ட்டி' படத்தில் அவருடைய பாத்திரம் இடையிடையே காணாமல் போவதற்கு அதுவே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். குடிகாரன் வேடம் தொடர்ந்து கொடுக்கப்பட்ட ஒரு மனிதன் நிஜத்திலும் அதற்குள் போய் மாட்டிக்கொண்டதை ரசிகர்கள் வேடிக்கைக் கதையாகச் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

கடைசிப் பத்து வருடங்களில் கிடைத்ததையெல்லாம் நடித்தார். பேய்ப் படங்கள், மலிவுப் படங்கள் நிறைய. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் 1972-ல் இத்தாலிய இயக்குநர் பசோலினி எடுத்த 'தி கான்டர்பரி டேல்ஸ்' இருக்கிறது. இளம்பெண்ணை மணந்து கண்பார்வை இழக்கும் கிழவர் ஜனுவரி. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெள்ளி, பாங்கர்

நாள் முழுக்க பஸ். டால்கெத்லாய் ஊரில் சிறிது நேரம் நின்றது. 'டால்வின்' படத்தின் வெளிப்புறக் காட்சிகளை எடுத்த பகுதி இந்தப் பக்கம்தான். நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்படும் கிராமத்தின் கதை அது. லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக 1880-களில் லான்வித்தின் என்ற ஊர் இப்படித்தான் மூழ்கியது. படம் வந்து பதினாறு வருடம் கழித்து, 1965-ல், அதே லிவர்பூலுக்காக கேப்பெல் கெலின் என்ற வெல்ஷ் பேசும் கிராமத்தையும் மூழ்கடித்தார்கள். வேல்ஸ் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. சாலையோரச் சுவர்களில் அதை நினைவூட்டும் வாசகத்தை எழுதிவைத்திருப்பதைப் பார்த்தேன்.

அதே 1965-ல்தான் வேல்ஸ் பல்கலைக்கழகம் இங்கே பாங்கரில் கிரிஃபித்துக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

சனி, ஆங்கிள்சி

மெனாய் தொங்கு பாலத்தை நடந்தே கடந்தேன். டெல்ஃபோர்டு கட்டியது, 1826-ல் திறந்தது. கீழே நீரிணையில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. தீவுக்குள் போனதும் பஸ் பிடித்து பென்லெக் கடற்கரை ஊரில் இறங்கினேன். இங்கேயும் ஒரு ரயில் நிலையம் இருந்திருக்கிறது. 1909-ல் வந்த கிளைப் பாதையில் 1930-லேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. அப்போது கிரிஃபித்துக்கு 18 வயது. பள்ளிக்கூடத்துக்கு அவர் போன லாங்கெவ்னி ஊரிலும் 1964-ல் நிலையத்தை மூடினார்கள். டான் டெய்லர் வேடத்தில் இருந்த அந்தக் கோபமும் பிரியமும் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது புரிகிறமாதிரி இருந்தது. அவருடைய ஊருக்கு வந்த ரயில் அவர் வாலிபனாவதற்குள் நின்றுவிட்டிருக்கிறது.

பென்லெக்கில் இருந்து மரியான்கிளாஸுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் நடை. சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்ந்த சுவர்கள், ஆடுகள், எங்கே திரும்பினாலும் கடல் காற்று. நடுவில் பொதுப் புல்வெளி, சுற்றிச் சில வீடுகள். கடைத்தெரு என்று சொல்ல எதுவும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெரியம்மா நின்று பேசினார். எழுபதைத் தாண்டியிருப்பார். ஹியூ கிரிஃபித்தின் ஊரைப் பார்க்க வந்தேன் என்றதும், "எலென் ரோஜரின் தம்பியா?" என்று கேட்டார்.

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. எலென் ரோஜர் ஜோன்ஸ், கிரிஃபித்தின் அக்கா, 1908-ல் பிறந்தவர். ஆசிரியையாக இருந்தவர், வெல்ஷ் மொழி நாடகங்களில் நடித்தார். வெல்ஷ் மொழிக்கென்று எஸ்4சி தொலைக்காட்சி 1982-ல் வந்தபின் 'மினாஃபான்' தொடரில் ஹன்னா ஹலெலூயாவாக வந்து, வெல்ஷ் பேசும் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த முகமானார். 1999-ல் காலமானார். தம்பி ஹாலிவுட் போய் ஆஸ்கர் வாங்கினார். அக்கா ஊரிலேயே இருந்து ஊர் மொழியில் நடித்தார். பெரியம்மாவுக்கு அக்காதான் முதலில்.

"அவரும் நல்ல நடிகர்தான்," என்று அவரே தொடர்ந்தார். "ஆனா எலென் இங்க பக்கத்துலயே இருந்தாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு மேடையில எப்படிப் பேசறதுன்னு சொல்லிக்கொடுத்தாங்க." 'பென்-ஹர்' பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்திருக்கிறாராம், ஒரே ஒரு தடவை. 'கிராண்ட் ஸ்லாம்' எத்தனை தடவை என்றதற்குச் சிரித்துவிட்டு, கேரடாக் பாரிசில் இறங்கிய இடத்தில் இருந்து கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் நேற்று முன்தினம்தான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. அவர் சொல்லிக் கேட்பது வேறு மாதிரி நன்றாக இருந்தது.

கிரிஃபித் 1980 மே 14 அன்று லண்டனில் மாரடைப்பால் இறந்தார். 68-ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது.

படங்களைத் தேடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: 'டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்'டில் தொடங்குங்கள், வீட்டில் எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாம். அடுத்து 'டாம் ஜோன்ஸ்'. அப்புறம், 'பென்-ஹர்' எடுத்த வில்லியம் வைலரே 1966-ல் இவரைத் திரும்பக் கூப்பிட்டு எடுத்த 'ஹவ் டு ஸ்டீல் எ மில்லியன்'. ஆட்ரி ஹெப்பர்னின் அப்பாவாக, வான்கோ ஓவியங்களைப் போலியாகத் தீட்டிவிட்டு அதில் பெருமை கொள்ளும் கிழவர். 'கிராண்ட் ஸ்லாம்' கிடைத்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஞாயிறு, தீவில் பஸ் குறைவு என்கிறார்கள். மோயெல்வ்ரே வரை கரையோரமாக நடந்துவிட்டு லண்டன் ரயிலைப் பிடிக்கப் போகிறேன்.